மானிப்பாயிலிருந்து மாலபே வரை: தனியார் உயர்கல்வியிற் புத்தாக்கம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

அண்மைக் காலத்தில் உயர்கல்வி பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் பெரிதும் எடுத்தாளும் சொற்களுள் 'புத்தாக்கம்' என்பதும் ஒன்றாகும். அரச பல்கலைக்கழகங்கள் தேக்கமுற்றுக் கிடக்கின்றன என்றும், புதியன காணும் ஆற்றல் தனியார் நிறுவனங்களிடமே உளது என்றும், எனவே உயர்கல்வியின் எதிர்காலம் அவற்றிடமே ஒப்படைக்கப்படல் வேண்டும் என்றும் கூறப்படுகின்றது. இக்கூற்று பத்திரிகை விளம்பரங்களோடு நின்றுவிடின் பெரிதும் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால், கொள்கை வகுப்போரின் அறிக்கைகளிலும் பாராளுமன்ற விவாதங்களிலும் இதே வாதம், நிறுவப்பட்ட உண்மை போல, மேலதிக விளக்கமெதுவுமின்றி இடம்பெற்று வருகின்றது. எது புதியது, யாருக்குப் புதியது, அப்புதுமையாற் கல்வி என்ன மாற்றத்தை எய்திற்று என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

இச்சொல் பொருளியலிலிருந்து கல்வித்துறைக்குள் வந்து சேர்ந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. இந்நூற்றாண்டின் கல்வி நிருவாகிகள் சொல்லும் புத்தாக்கத்திற்கு மூலவராகக் கொள்ளப்படும் யோசெப் சூம்பீற்றர், புதிய பண்டம், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருளின் புதிய ஊற்று, தொழிலமைப்பின் புதிய வடிவம் ஆகியவற்றையெல்லாம் அதனுள் அடக்கினார். இவ்வகைப்பாடு கல்விக்கு அப்படியே பொருந்துமோ என்பது தனியே ஆராய வேண்டியது. எனினும் ஒன்று தெளிவு. புதிய சந்தையொன்றைக் கண்டுபிடிப்பவரும் சூம்பீற்றரின் கணக்கிற் புத்தாக்கம் செய்தவரே. கற்பித்தலில் ஓரணுவும் மாறாதிருக்க, கட்டணம் செலுத்தக்கூடிய புதியதொரு கூட்டத்தினரைக் கண்டறிந்த நிறுவனமும் அப்பெயருக்கு உரிமை கோரலாம். இலங்கையின் தனியார் உயர்கல்வி பற்றிய உரையாடலிற் காணப்படும் குழப்பத்திற் பெரும்பகுதி, இவ்விருவேறு பொருள்களும் ஒரே சொல்லாற் சுட்டப்படுவதனால் விளைவது.

இவ்வேறுபாட்டைக் காட்டுதற்கு மருத்துவக் கல்வியைக் காட்டிலும் பொருத்தமான துறை வேறில்லை. இந்நாட்டில் அரசு சாராத மருத்துவக் கல்வி மூன்று வேறு காலங்களில், மூன்று இடங்களில் நடைபெற்றுள்ளது: பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில், 1980களில் இராகமையில், 2009 முதல் மாலபேயில். முதலாவது இன்று பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது. ஏனைய இரண்டும் நாட்டையே உலுக்கியவை.

மானிப்பாயைப் பற்றிப் பேசுமுன் வட்டுக்கோட்டையைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் அங்கு நிறுவிய செமினறி, ஆசியாவில் மேலைத்தேய முறையில் அமைந்த உயர்கல்வி நிலையங்களுள் முற்பட்டவற்றுள் ஒன்றாகும். அதன் முதல் அதிபர் டானியல் பூவர். அதற்குப் பின்னர் பொறுப்பேற்ற ஹொய்சிங்ரன் வானியலில் ஈடுபாடு மிக்கவர். 1848 இல் இந்துக்களின் வானியற் கணிப்பு முறையை விளக்கும் நூலொன்றினையும் வெளியிட்டவர். செமினறியின் பாடத்திட்டத்தில் ஆங்கிலமும் கணிதமும் மேலைத்தேய விஞ்ஞானமும் இடம்பெற்றமை வியப்பன்று. குறளும் நன்னூலும் அவற்றுக்கு அருகில் இடம்பெற்றமையே கருதற்பாலது. அக்காலத்து இந்தியாவில் ஆங்கிலக் கல்வி வேண்டுவோரும் கீழைத்தேயக் கல்வி வேண்டுவோரும் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டுக்கொண்டிருந்தனர். வட்டுக்கோட்டையில் இரண்டும் ஒரே வகுப்பறையிற் பயிலப்பட்டன. இருமொழிப் பத்திரிகையாக 1841 இல் தோன்றிய 'உதயதாரகை' இம்மரபின் விளைபொருள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857 இல் வெளிவந்த கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இச்செமினறியிற் பயின்றோரே. பழந்தமிழ் நூற் பதிப்பின் முன்னோடியருள் ஒருவர் மிஷனரிக் கல்லூரியிலிருந்து தோன்றினார் என்பதைத் தமிழிலக்கிய மாணவர் எவரும் எளிதில் மறத்தற்கில்லை.

மசாசூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற மருத்துவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு வாய்த்த மாணவர்கள் இச்சூழலில் உருவானவர்கள். அடுத்த ஆண்டே மானிப்பாயில் அவர் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதற் காலப்பகுதியிற் போதனை ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. எனினும் தொடக்க முதலே அவர் தமிழையும் கற்று, 1852 இல் கற்றரின் உடலமைப்பு நூலைத் தமிழாக்கி வெளியிட்டார். விடுமுறையிற் சென்று 1862 இல் மீண்டும் வந்தபின் அவர் எடுத்த முடிவே இக்கட்டுரையின் நோக்கில் முதன்மை வாய்ந்தது. 1864 முதல் மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழிலேயே நடத்துவதென அவர் தீர்மானித்தார்.

இத்தீர்மானத்தின் பின்னணியிலிருந்த காரணம் மொழிப்பற்று அன்று. ஆங்கிலத்திற் பயின்ற மாணவருட் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடித் தம் ஊரை விட்டகன்றனர். மிஷன் மருத்துவமனையின் சுவருக்கு வெளியேயிருந்த கிராமங்கள் வாந்திபேதிக்கும் பிள்ளைப்பேற்று மரணங்களுக்கும் முன்போலவே இரையாயின. தமிழிற் கற்றவன் தமிழரிடையே தங்குவான் என்பது கிறீனின் கணிப்பு. ஊரவரின் உடையும் உணவும் பழக்கமும் மாறாமலே அவர்கள் மருத்துவராதல் வேண்டும் எனவும் அவர் கருதினார். இன்றைய மொழியிற் கூறுவதாயின், மூளைசாலிகள் வெளியேற்றம் என்ற பிரச்சினைக்குப் போதனாமொழியின் மூலம் தீர்வு காண அவர் முயன்றார் எனலாம். மாணவருக்கு இம்மாற்றம் உவப்பாக இருக்கவில்லை. ஆங்கிலமின்றி உத்தியோகம் இல்லை என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். இதனையும் மறைக்க வேண்டியதில்லை.

தமிழில் மருத்துவம் கற்பிக்கப் பாடநூல் வேண்டும். பாடநூலுக்குக் கலைச்சொல் வேண்டும். இவை இரண்டும் இல்லாத நிலையிலிருந்தே வேலை தொடங்கியது. மாணவரும் பழைய மாணவரும் மொழிபெயர்க்க, கிறீன் திருத்தினார். தமிழில் வழக்கிலுள்ள சொல்லை முதலிலே தேடுவது, அது கிடையாதவிடத்து வடமொழியை நாடுவது, அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கேற்ப மாற்றிக்கொள்வது என்பது அவர்களின் முறையாயிருந்தது. 'பிரசவ வைத்தியம்' 1857 இலும், 'இரண வைத்தியம்' 1867 இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' என்பன 1872 இலும், 'கெமிஸ்தம்' 1875 இலும், 'மனுஷ சுகரணம்' 1883 இலும் வெளிவந்தன. 1873 இல் அமெரிக்கா திரும்பிய பின்னரும் அவர் அங்கிருந்தவாறே இப்பணியைத் தொடர்ந்து, 1884 இற் காலமானார். 'கெமிஸ்தம்' என்ற பெயரை இன்று கேட்போர் நகைத்தல் கூடும். ஆயினும் இரசாயனம் என்ற சொல் இரசவாதத்தையும் காயகற்பத்தையும் நினைவூட்டிய காலத்தில், புதிய விஞ்ஞானத்துக்குப் புதிய பெயர் வேண்டும் என்று உணர்ந்த மொழிபெயர்ப்பாளனின் சங்கடத்தை அதில் உய்த்துணரலாம். 1950களிலும் 1960களிலும் அரசாங்கக் கலைச்சொற் குழுக்கள் எதிர்நோக்கிய அத்தனை சிக்கல்களையும் மானிப்பாயில் ஒரு மருத்துவரும் சில மாணவரும் நூறாண்டுக்கு முன்னரே எதிர்நோக்கியிருந்தனர்.

கிறீனிடம் பயின்று மருத்துவராயினோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிற் பயின்றவர்கள். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பாடசாலை தொடங்கியது 1870 இலேயே என்பதை இதனுடன் ஒப்பிட்டு நோக்குதல் தகும். பாடப்பொருள், போதனாமொழி, பயிற்சி பெறுவோன் சென்றடைய வேண்டிய இடம் ஆகிய யாவற்றிலும் புதியதொன்று இங்கு நிகழ்ந்தது. சூம்பீற்றரின் பட்டியலிற் சந்தை என்ற ஒன்று மட்டும் இதிற் காணப்படவில்லை. மானிப்பாய் மருத்துவர்களை விலை கொடுத்து வாங்கச் சந்தையெதுவும் காத்திருக்கவில்லை.

இதனாற் பழைய மிஷன் கல்வியைப் பொற்காலமாகப் போற்றுதல் பொருந்தாது. அக்கல்விக்கும் கட்டணம் இருந்தது. அது பணமாக அறவிடப்படவில்லை என்பதே வேறுபாடு. அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களை மாணவர் தாங்க வேண்டியிருந்தது. டான்வோத், சப்மன், எவாற்ஸ் என்பன மானிப்பாய் மருத்துவர்களின் பெயர்கள். செமினறி ஆண்களுக்கே உரியதாயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நிறுவனத்தின் வாழ்வு அதன் புரவலர் விருப்பத்திலேயே தங்கியிருந்தது. உயர்கல்வி மதமாற்றத்துக்கு எதிர்பார்த்தவாறு உதவவில்லை என்று பொஸ்ரனிலிருந்து வந்த தூதுக்குழுவினர் கண்டபோது, 1855 இற் செமினறி மூடப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தின் அறிவுலகத்தையே மாற்றியமைத்த நிறுவனமொன்றை மூடுவதற்கு யாழ்ப்பாணத்தவர் எவரிடமும் சம்மதம் பெற வேண்டியிருக்கவில்லை. அதன் பின்னர் உள்ளூர் மக்களின் வேண்டுகோளின்மேல் 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றும் வரை அவ்விடம் வெறுமையாகவே இருந்தது எனலாம். கிறீன் சென்றபின் தமிழ் மருத்துவப் போதனையும் நெடுங்காலம் நீடிக்கவில்லை. தனியார் புத்தாக்கத்தின் பலவீனம் பற்றிப் பேசுவோர் மாலபேயிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அடுத்த நூறாண்டு பற்றி விரித்துரைக்க இங்கு இடமில்லை. 1921 இற் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம், 1945 இல் இலவசக் கல்வி என்பன வந்தமையும், 1960இல் கலைப்பீடத்திற் சுயமொழிப் போதனை தொடங்கியமையும் யாவரும் அறிந்தவை. இக்காலப்பகுதியிலே தனியார் உயர்கல்வி, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் அளவிலே பெரும்பாலும் நின்றது. யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவு இத்தகையது. 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தோன்றியபோது, பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களோடு வட்டுக்கோட்டையின் இப்பட்டதாரிப் பிரிவும் அதற்கு இடமளித்தது. வெளிவாரி முறையின் குறைபாடுகள் பல. நெட்டுருப் போடுதல் அவற்றுட் பெரிது. எனினும் அதில் ஒரு நேர்மை இருந்தது. கற்பித்தவர் ஒருவர்; பரீட்சித்தவர் வேறொருவர். மாணவனிடம் பணம் பெறுபவர் அவனுக்குப் பட்டம் அளிப்பவராக இருக்கவில்லை. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இது உதவும்.

1970களின் முற்பகுதியில் மொழிவாரித் தரப்படுத்தலும் அதனைத் தொடர்ந்து மாவட்ட ஒதுக்கீடும் வந்தமை பல்கலைக்கழக அனுமதியை இனப்பிரச்சினையின் மையத்துக்கே இட்டுச் சென்றது. அதன் அரசியல் விளைவுகள் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. அதிகம் பேசப்படாத மற்றொரு விளைவும் உளது. புள்ளியால் மட்டுமே பெறக்கூடியது என்றிருந்த பல்கலைக்கழக இடம், வேறு வழிகளாலும் பெறக்கூடியது, வேறு காரணங்களால் மறுக்கப்படக்கூடியது என்ற எண்ணம் சமூகத்தில் வேரூன்றியது. வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பினர். வசதியற்றோருக்கு அவ்வழி இருக்கவில்லை. 1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தபோது, வெளியே செல்லும் இப்பணத்தை உள்நாட்டிலேயே தேக்கி வைக்கலாமே என்ற வாதமும் உடன் வந்தது. வட கொழும்பு மருத்துவக் கல்லூரி 1980 இல் நிறுவப்பட்ட சூழல் இதுவே.

பொது வைத்தியர்களின் கல்லூரி முன்னின்று தொடங்கிய அந்நிறுவனம், இலங்கையின் முதலாவது கட்டண மருத்துவக் கல்லூரியாகும். அதன் முயற்சியாளர் யாவரும் வெறும் வணிகர் எனக் கூறுதல் நீதியாகாது. மருத்துவர் பற்றாக்குறை உண்மையானது; நிறுவனரும் மருத்துவரே. ஆயினும் அங்கு கற்பிக்கப்பட்டவற்றில் அரச மருத்துவ பீடங்களிற் கற்பிக்கப்படாதது எது என்று கேட்டால், குறிப்பிடத்தக்க விடை கிடைப்பது அரிது. இன்னும் சொல்லப்போனால், அவ்வாறு வேறுபடாதிருத்தலே அதன் இலட்சியமாயிருந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்குத் தன் மாணவரும் உரியராதல் வேண்டும் என்பதற்காகவே அது போராடியது. புதியதாயிருந்தது அனுமதி முறை மட்டுமே. அரச பீடத்துக்கு வேண்டிய புள்ளி பெறாத ஒருவர், பணம் செலுத்தி, அதே பட்டத்தை அடையலாம் என்பது பல்கலைக்கழக மாணவரிடையே பெருங்கொந்தளிப்பை ஏற்படுத்தியது. பத்தாண்டு நீடித்த எதிர்ப்பின் இறுதியில், நாடு இரத்தத்தில் மூழ்கியிருந்த 1989 ஆம் ஆண்டில், அரசு அக்கல்லூரியைப் பொறுப்பேற்றது. 1991 இல் அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. இன்று இராகமையிற் பயிலும் மாணவருட் பலருக்கு அப்பீடத்தின் பூர்வீகம் தெரிந்திருக்குமோ என்பது ஐயமே.

மாலபேயில் நிகழ்ந்தது இதே நாடகத்தின் இரண்டாம் அங்கம் எனினும், ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பல்கலைக்கழகச் சட்டத்தில் 1985 இல் செய்யப்பட்ட திருத்தம், பல்கலைக்கழகமல்லாத நிறுவனங்களுக்கும் பட்டமளிக்கும் தகுதியை அமைச்சர் வழங்க வழிசெய்திருந்தது. 'சைட்டம்' என வழங்கப்பட்ட நிறுவனம் 2009 இல் மருத்துவ மாணவரைச் சேர்த்து, 2011 இல் இத்தகுதியைப் பெற்றது. எனவே அதற்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வேண்டியிருக்கவில்லை. கட்டணம் பெற்ற நிறுவனமே கற்பித்தது. அதுவே பட்டமும் அளித்தது. வெளியிலிருந்து நோக்கும் கண்ணாக எஞ்சியிருந்தது பதிவு வழங்கும் இலங்கை மருத்துவ சபை மட்டுமே. சிகிச்சைப் பயிற்சி போதாது என்று அச்சபை பதிவு செய்ய மறுத்தது. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதனைத் தொடர்ந்து நாட்டின் மருத்துவ பீட மாணவர் மாதக்கணக்கில் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தனர். மருத்துவர் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஈற்றில் 2018 இல் அம்மாணவர் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திற் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

இப்பிணக்கிலே தகுதி, திறமை, இலவசக் கல்வி, தனிமனித உரிமை என்பன பற்றி இரு தரப்பாரும் உரக்கப் பேசினர். அடிப்படையான ஒன்று அவ்வாரவாரத்தில் அமுங்கிப் போயிற்று. மருத்துவ மாணவன் நோயாளியின் கட்டிலருகே நின்றே மருத்துவனாகிறான். அக்கட்டிலிற் கிடப்பவர் யார்? இலங்கையின் போதனா வைத்தியசாலை விடுதிகளில், ஒரே நோயாளியின் வயிற்றைப் பத்து மாணவர் மாறிமாறித் தொட்டுப் பார்ப்பர்; நோயின் வரலாற்றை அவர் பத்து முறை சொல்வார். கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் ஏழை மக்கள், யாரும் கேளாமலே, இந்நாட்டு மருத்துவக் கல்விக்கு அளித்துவரும் நன்கொடை இது. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இதற்குக் கணக்கில்லை. பணம் செலுத்தித் தனியார் மருத்துவமனைக்குச் செல்பவர் தம் உடலை மாணவரின் பாடமாக்க இசைவதில்லை; இசைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனாற் கட்டண மருத்துவக் கல்லூரி எதுவும் விடுவித்துக்கொள்ள முடியாத இக்கட்டொன்றிற் சிக்குகின்றது. தன் மருத்துவமனையை இலாபத்துக்கு நடத்தினாற் கற்பித்தற்குப் போதிய நோயாளர் கிடையார். இலவசமாக நடத்தினால் இலாபம் கிடையாது. எஞ்சும் வழி அரச வைத்தியசாலையின் விடுதிகளை நாடுவதே. வட கொழும்புக் கல்லூரி இராகமை அரச வைத்தியசாலையை அண்டி நின்றமையும், மாலபே நிறுவனம் சொந்தமாக மருத்துவமனை கட்டியும் இறுதியில் அரச வைத்தியசாலைகளில் அனுமதி வேண்டி நின்றமையும் தற்செயலானவையல்ல. தனியார் மூலதனத்தால் இயங்குவதாகச் சொல்லப்படும் கல்வி, அதன் இன்றியமையாத மூலப்பொருளைப் பொதுமக்களின் உடலிலிருந்தே பெற வேண்டியுள்ளது.

மருத்துவக் கல்வியின் இப்பண்பு ஏனைய துறைகளில் இவ்வளவு அப்பட்டமாகத் தோன்றுவதில்லை. வணிக முகாமைத்துவத்துக்கும் கணினி விஞ்ஞானத்துக்கும் நோயாளி வேண்டியதில்லை. ஆகவே தனியார் உயர்கல்வி அவற்றிற் செழித்துள்ளது. தகவல் தொழினுட்பத்திற் சில நிறுவனங்கள் பெற்றுள்ள மதிப்பு நியாயமானதும் ஆகும். காலத்துக்கேற்பப் பாடங்களை விரைந்து மாற்றுதல், ஆண்டிற் பல முறை அனுமதித்தல், தொழிலகங்களோடு தொடர்பு பேணுதல், பிற நாட்டுப் பல்கலைக்கழகமொன்றுடன் இணைந்து அதன் பட்டத்தை இங்கேயே வழங்குதல் என்பன அவற்றின் புத்தாக்கங்களாக எடுத்துக்காட்டப்படுகின்றன. இவற்றுள் இறுதியானது, லண்டன் வெளிவாரிப் பட்டத்தின் பேரப்பிள்ளையே அன்றி வேறன்று. ஏனையவற்றின் பயனை மறுப்பதற்கில்லை.

ஆனால், இந்நிறுவனங்களின் பாடவிதானங்களை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து அவற்றில் இல்லாதவையே கண்ணை உறுத்துகின்றன. வரலாறு இல்லை, மெய்யியல் இல்லை, தொல்லியல் இல்லை, தமிழும் சிங்களமும் கற்கும் பொருளாகவும் இல்லை, கற்பிக்கும் மொழியாகவும் பெரும்பாலும் இல்லை. சமூக விஞ்ஞானங்களுள் உளவியல் போன்ற, கேட்போர் உள்ள சிலவே இடம்பெற்றுள்ளன. பௌதிகமும் தூய கணிதமுங்கூட அரிது. வாங்குவோர் இல்லாத பண்டத்தை வணிகன் கடையில் வைக்கமாட்டான். அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவும் முடியாது. அவ்வணிகனின் கடையைப் பல்கலைக்கழகம் என்று அழைத்து, உண்மையான பல்கலைக்கழகங்கள் அதனைப் பின்பற்ற வேண்டும் என்று அறிவுரை கூறும்போதே ஆட்சேபம் எழுகின்றது. கலைப்பீடங்கள் வேலையற்ற பட்டதாரிகளை உற்பத்தி செய்யும் ஆலைகள் என்ற வசை இவ்வறிவுரையோடு சேர்ந்தே வருவது வழக்கம். வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ தமிழ் மொழியிற் க.பொ.த. உயர்தரம் படித்த விவசாயியின் பிள்ளைக்கு ஆங்கில மொழிமூலக் கட்டணக் கல்வி எந்த வாயிலைத் திறந்துவிட்டது என்பதை அவ்வறிவுரையாளர் சொல்வதில்லை. 2017 இல் அரசு தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் இதற்கு விடையாகக் காட்டப்படலாம். வட்டியில்லாவிடினும் அது கடன்; கடன் சுமந்து படிப்பவன் அக்கடனைத் தீர்க்கக்கூடிய பாடத்தையே தேர்வான். தேர்வின் வீச்சு அதனால் மேலும் சுருங்குகின்றது.

தனியார் கல்வியின் ஆதரவாளர் கூறும் ஒரு வாதத்துக்கு மட்டும் எளிதில் விடையிறுக்க இயலாது. ஆண்டுதோறும் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். இடம் பெறுவோர் ஐம்பதினாயிரத்துக்கும் குறைந்தோர். வெளியே விடப்படும் ஓரிலட்சம் பேருக்கு இலவசக் கல்வி என்ற சுலோகத்தால் என்ன பயன்? இலவசக் கல்வியைப் பாதுகாக்கக் கோரி ஊர்வலஞ் செல்வோர், அதன் எல்லையை விரிவுபடுத்தக் கோரி அதே வேகத்தோடு சென்றதுண்டா என்பதும் நியாயமான வினாவே. பல்கலைக்கழக வாயிலுக்குள் நுழைந்துவிட்ட மாணவனின் நலனும், வாயிலுக்கு வெளியே நிற்கும் மாணவனின் நலனும் ஒன்றே என்று கொள்வது வசதியான ஓர் அனுமானம். மாணவர் இயக்கத்தின் எழுத்துக்களில் இவ்வனுமானம் பெரிதும் விவாதத்துக்கு உட்படுத்தப்படுவதில்லை.

அரச பல்கலைக்கழகங்கள் தேக்கமுற்றுள்ளன என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. ஆண்டுகள் பலவாக மாறாத விரிவுரைக் குறிப்புகளை வகுப்பறையிற் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் வழக்கம் முற்றாக மறைந்துவிடவில்லை. பகிடிவதையென்னும் கொடுமை தொடர்கின்றது. இதனினும் வருந்தத்தக்கது, சுயமொழிப் போதனைக்கு நேர்ந்த கதி. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழிற் சமூக விஞ்ஞானம் கற்பிக்கப்பட்டும், முதலாமாண்டு மாணவனின் கையிற் கொடுக்கத்தக்க தமிழ்ப் பாடநூல் பல துறைகளில் இன்றும் கிடையாது. கிறீனிடம் சம்பளம் வாங்கும் பேராசிரியர் எவரும் இருக்கவில்லை. மானியங்கள் ஆணைக்குழுவும் இருக்கவில்லை. அச்சகமும் சில மாணவரும் இருந்தனர். அவர்கள் வெளியிட்ட மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. எந்தக் கலைப்பீடத்துத் துறையாவது கடந்த இருபது ஆண்டுகளில் இதன் பாதியளவு பாடநூலைத் தமிழில் ஆக்கியுள்ளதா என்று கேட்பது, அரச பல்கலைக்கழகத்தைத் தனியாருக்கு விற்கச் சொல்வதாகாது. துறைக்கொரு மொழிபெயர்ப்புக் குழு, இறுதியாண்டு மாணவரின் ஆய்வுக்கட்டுரைக்கு ஈடாக நூலொன்றின் அத்தியாயத்தைத் தமிழாக்கும் வாய்ப்பு, அதனைத் திருத்தும் பொறுப்பினை ஏற்கும் விரிவுரையாளர் என்பவை பெருஞ்செலவு வேண்டும் காரியங்களல்ல. மானிப்பாயில் நடந்தது ஏறத்தாழ இதுவே.

கிறீனின் நூல்களிற் சில இன்று எண்ணிமப் பிரதிகளாகவேனும் கிடைக்கின்றன. அவற்றின் கலைச்சொற்களை முழுமையாகத் தொகுத்து, பிற்காலக் கலைச்சொற்களோடு ஒப்பிட்டு நோக்கும் ஆய்வு தமிழ்த்துறைகளில் எவருக்கும் உரிய பணியாகக் காத்திருக்கின்றது. 1978 இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோது போதனை ஆங்கிலத்திலேயே அமைந்தது. அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன, இன்றும் உள. ஆயினும், அப்பீடத்திலிருந்து சில மைல் தொலைவில் ஒருகாலத்தில் உடற்கூற்றியல் தமிழிற் கற்பிக்கப்பட்டது என்பதை அங்கு பயிலும் மாணவருக்கு அவர்களின் பாடவிதானத்தின் ஏதேனுமொரு மூலையில் யாரேனும் சொல்லலாம். சொல்ல வேண்டியவர்கள் கலைப்பீடத்தில் இருக்கின்றனர்.